எந்த ஊருக்கு, யாருக்கு?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 'அன்றாட வேலையில் அர்த்தம்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் தத்துவம் படித்தவன் இல்லை. ரயில்வே தபால் பிரிவில், ஆர்.எம்.எஸ். என்பார்களே, அதில் 34 வருஷம் கடிதம் பிரித்தவன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

இங்கே இருக்கிற பிள்ளைகள் ஆர்.எம்.எஸ். என்பதை ஸ்டேஷன் போர்டில்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தில் இரவு வண்டிகளில் எங்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. உள்ளே சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஓர் ஊர். வண்டி கிளம்பியதும் பையைக் கவிழ்த்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு கடிதமாக அதனதன் அறையில் போட வேண்டும். ஸ்டேஷன் வருவதற்குள் அந்த ஊர்ப் பையைக் கட்டி முத்திரை வைத்தாக வேண்டும். வண்டி நமக்காகக் காத்திருக்காது.

முதல் இரண்டு வருஷம் எனக்கு இந்த வேலை அறவே பிடிக்கவில்லை. கை பாட்டுக்குப் போடும், மனசு எப்போது விடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கா பட்டம் வாங்கினோம் என்று அலுத்துக்கொள்வேன்.

1980களின் தொடக்கம். மதுரையிலிருந்து தெற்கே போகிற வண்டி, திருமங்கலம் தாண்டியாகிவிட்டது. கையில் ஒரு 15 பைசா கார்டு. ஊர் ஆலங்குளம், பின்கோடு கிடையாது. ஆலங்குளம் என்றால் திருநெல்வேலிப் பக்கம்தானே? அந்த அறையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன். பக்கத்தில் நின்ற மூத்தவர் அந்தக் கார்டைத் திரும்ப உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். எழுதியிருந்த சேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு விலாசத்தை மட்டும் காட்டினார்.

"யாருக்குத் தம்பி இது?"

"ஆலங்குளத்துக்கு அண்ணே."

"எந்த ஊருக்குன்னு கேக்கல. யாருக்கு?"

அப்போதுதான் முழுசாகப் படித்தேன். பெயருக்குக் கீழே 'ஆலைக் காலனி' என்று இருந்தது. சிமெண்ட் ஆலை இருப்பது ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளத்தில். அது விருதுநகரில் இறங்க வேண்டிய கார்டு. விருதுநகர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவசரமாக மாற்றிப் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது, பிறப்பா, இறப்பா, கடன் கேட்டா, எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த விரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரே பெயரில் இருக்கிற ஊர்களை எழுத ஆரம்பித்தேன். நல்லூர், கோட்டையூர், அப்புறம் இந்தப் புதூர் இருக்கிறதே, அதற்கு முடிவே கிடையாது! இந்தத் தொல்லைக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு கொண்டுவந்தார்கள். அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 627 என்றால் திருநெல்வேலி, 626 என்றால் விருதுநகர். ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் பத்து வருஷம் கழித்தும் பாதிப் பேர் எழுதமாட்டார்கள். ஆகவே நோட்டு வளர்ந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கேட்டுப் பார்க்கவும் இல்லை. அதே பெட்டி, அதே தூக்கக்கலக்கம். ஆனாலும் டூட்டிக்குப் போகும்போது நோட்டு சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

என் மகள் பிற்பாடு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்று இரண்டு பேராசிரியைகள், அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசியிருக்கிறார்கள். 2001இல் கட்டுரையாக வந்தது. வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளியைக் குணப்படுத்துவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். ஒருவர், நினைவு தப்பிக் கிடக்கிறவர்களின் அறைச் சுவரில் இருந்த படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவாராம். பார்க்கிற இடம் மாறினால் நல்லது நடக்காதா என்று ஒரு நினைப்பு. அது அவர் வேலையில் சேராது. கேட்டதும் எனக்கு என் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

ஒன்று மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். "உன் வேலை எவ்வளவு புனிதமானது தெரியுமா" என்று முதலாளி பேச ஆரம்பித்தால் சம்பளச் சீட்டை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அர்த்தம் நாமே தேடிக்கொள்வது. கூலிக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் வாங்கக் கூடாது.

ஓய்வுபெற்று ஆறு மாதம் சும்மா கிடந்தேன். அந்த ஆறு மாதம் வீட்டில் இருந்தவர்கள் பாவம். இப்போது காலையில் எங்கள் ஊர்த் தபாலாபீஸ் திண்ணையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு விலாசம் எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் ஓர் அம்மா துணியில் தைத்த பார்சலோடு வந்தார். முறுக்கு வாசனை தூக்கியது. பையன் ராணுவத்தில் இருக்கிறானாம். அவன் எழுதி அனுப்பிய சீட்டை நீட்டினார். பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபாலாபீஸ், 9இல் தொடங்குகிற பின்கோடு. அவ்வளவுதான்.

"இதுல ஊர் பேரே இல்லையேப்பா, போய்ச் சேருமா?" என்றார்.

"ஊர் வேண்டாம்மா. பையன் பேரைச் சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தேன்.