பல்லுக்கும் உடலுக்கும் நடுவே

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உயிரியல் படித்துக்கொண்டே பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆயத்தமாகி வரும் மாணவி நான். இந்தியாவில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நீட் எழுதிப் பல் மருத்துவத்தில் சேரலாம். இங்கே பெரும்பாலோர் முதலில் ஒரு பட்டத்தை முடித்து, அதற்கென உள்ள தனி நுழைவுத் தேர்வையும் எழுதிய பிறகே நான்காண்டுப் பல் மருத்துவப் படிப்பில் நுழைகிறார்கள். பல் மருத்துவர் ஒருவரின் அருகிலிருந்து அவருடைய வேலையைப் பார்த்ததுண்டா என்பதையும் கல்லூரிகள் கேட்கின்றன. அதற்காகவே பால்டிமோரில், வருமானம் குறைந்தோருக்கான மருத்துவ மையம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன்.

கருவிகளைக் கழுவி உறையிலிட்டு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் வைப்பது, சிகிச்சையின்போது உமிழ்நீரை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, நோயாளியின் உடல்நல விவரங்களைக் கேட்டுப் பதிவது ஆகியவை என் வேலைகள். முதலிரண்டும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். மூன்றாவதுதான் நான் எந்த வகைப் பல் மருத்துவராக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

சர்க்கரை நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்கும்போது, பல் வலிக்கு வந்தவரிடம் இதையெல்லாம் ஏன் கேட்கிறாய் என்று பலரும் வியப்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறு நோய் முற்றுகிறது என்பதும், முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையே கடினமாக்குகிறது என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு தமிழ்ப் பாட்டி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்திருந்தார். ஆங்கிலப் படிவத்தில் இரத்த அழுத்த மாத்திரை மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. "வாரத்துக்கு ஒரு தடவை மட்டும், வெறும் வயித்துல போடுற மாத்திரை ஏதாவது இருக்கா பாட்டி?" என்று தமிழில் கேட்டேன். "அது எலும்புக்குத்தானே கண்ணு, பல்லுக்கு என்ன?" என்றார். எலும்பு அடர்த்தி குறைவதற்காகத் தரப்படும் அத்தகைய மாத்திரைகளை நெடுங்காலம் எடுத்தவர்களுக்கு, பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து, அரிதாகவேனும், உண்டு. எங்கள் பல் மருத்துவர் அன்று பல்லைத் தொடவில்லை. அதே கட்டடத்தின் மாடியிலிருந்த பொது மருத்துவரிடம் பேசிய பிறகே சிகிச்சையைத் திட்டமிட்டார். இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் அது அரை மணி நேரத்தில் முடிந்தது. தனியே நடக்கும் பல் மருத்துவமனைகளுக்கு அந்த வசதி இல்லை.

பல்லையும் உடலையும் பிரித்து வைத்த வரலாறு நான் வாழும் ஊரோடு நெருக்கமானது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் பால்டிமோரில்தான் நிறுவப்பட்டது. அதனால் பல் மருத்துவம் தனித் துறையாகத் தழைத்தது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆயினும் பயிற்சி பிரிந்ததைப் போலவே காப்பீடும் பிரிந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தை 1965-இல் சட்டமாக்கியபோதே வழக்கமான பல் சிகிச்சையை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

அந்தப் பிரிவினையின் விலை என்னவென்பதை 2007-இல் இதே மாநிலம் கண்டது. 12 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சொத்தைப் பல்லில் தோன்றிய நோய்த்தொற்று மூளைக்குப் பரவியது. இரண்டு அறுவைச் சிகிச்சைகள் செய்தும் அவன் பிழைக்கவில்லை. ஏறத்தாழ 80 டாலர் செலவில் அந்தப் பல்லை எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று நாளேடுகள் எழுதின. அதன் பின் குழந்தைகளுக்கான காப்பீட்டுச் சட்டங்கள் வலுப்பெற்றன. வருமானம் குறைந்த பெரியவர்களுக்கோ, மேரிலாந்தின் மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் 2023 ஜனவரியில்தான் பல் சிகிச்சையை விரிவாக ஏற்றது. ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்திருந்தவர்கள் எங்கள் நாற்காலியில் வந்து அமரும்போது, அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல் பிடுங்கும் நிலைக்கு வந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இது எனக்கு ஆறாத வருத்தம்.

பற்களை வரிசைப்படுத்தும் துறையிலும் அழகுச் சிகிச்சையிலும் நல்ல வருமானம் உண்டு என்று என் நலம் நாடுவோர் அறிவுறுத்துகிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். படிப்புக் கடன் இங்கே மிகப் பெரிய சுமை என்பதும் உண்மைதான். ஆனால் மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதிகளில் குறைந்தது இரண்டாண்டு பணியாற்ற முன்வரும் பல் மருத்துவர்களின் கடனில் ஒரு பகுதியைத் தேசிய சுகாதாரச் சேவைப் படை என்ற அரசுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. பட்டம் பெற்றதும் ஓராண்டு மருத்துவமனையில் தங்கிப் பயிற்சி பெற்று, இதய நோயாளிகளுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பாகப் பல் மருத்துவம் செய்யக் கற்ற பிறகு, பொது மருத்துவரும் பல் மருத்துவரும் ஒரே கோப்பைப் பார்த்து முடிவெடுக்கும் மையம் ஒன்றில் அத்திட்டத்தின் கீழ்ச் சேர விரும்புகிறேன். கடன் தீர்ந்த பின்னும் அங்கேயே தொடர்ந்து பணியாற்றுவது என் விருப்பம். சேர்க்கை விண்ணப்பத்தோடு இணைக்கும் கட்டுரையிலும் இதையே எழுதியிருக்கிறேன். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.