ஒரு டார்ச் விளக்கும் பன்னிரண்டு இணை நரம்புகளும்

[காட்சி: மங்கலான அறை, படுத்திருப்பவரின் வலக்கண்ணில் டார்ச் வெளிச்சம் விழுகிறது.]

மயங்கிக் கிடப்பவரின் இமையை விலக்கி மருத்துவர் டார்ச் அடிக்கும்போது, வெளிச்சம் பட்ட கண்ணின் பாவை (கண்ணின் நடுவிலுள்ள கரிய துளை) சுருங்குவது எதிர்பார்த்ததுதான். ஆனால் வெளிச்சமே படாத மறுகண்ணின் பாவையும் அதே நேரத்தில் சுருங்குகிறது. வெளிச்சம் விழுந்த செய்தியை, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டுக்குக் கொண்டு போவது, மூளையோடு நேரடியாக இணைந்த கபால நரம்புகளில் இரண்டாவது. ‘சுருங்கு’ என்ற கட்டளையை இரு கண்களுக்கும் கொண்டு வருவது மூன்றாம் கபால நரம்பு. ஆகவே வலக்கண்ணில் அடித்தால் இரண்டு பாவைகளும் அசையாமல் இருந்து, இடக்கண்ணில் அடித்தால் இரண்டும் சுருங்குமானால், செய்தி போகும் வழி வலப்பக்கத்தில் அடைபட்டிருக்கிறது என்று பொருள். எந்தக் கண்ணில் அடித்தாலும் வலப்பாவை மட்டும் விரிந்தே நின்றால், பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, வலப்பக்க மூன்றாம் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். மூளை வீங்கி அந்த நரம்பை அழுத்தத் தொடங்கியிருந்தால் தாமதிக்க நேரமே இல்லை.

[காட்சி: மூளையின் அடிப்பகுதி, நரம்புகள் முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன. மூளையோடு இணைந்து, மண்டையோட்டின் துளைகள் வழியே வெளிவரும் 12 இணைகளைக் கபால நரம்புகள் என்கிறோம். அவற்றின் எண்கள், மூளையோடு அவை இணையும் இடத்தை முன்னிருந்து பின்னாக எண்ணித் தரப்பட்டவை. பண்டைய மருத்துவர் கேலன் ஏழு இணைகள் என்றே கணக்கிட்டார். இன்று நாம் பின்பற்றும் பன்னிரண்டு என்ற வரிசையை 1778-இல் சாமுவேல் தாமஸ் சோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர் வகுத்தார். மாணவர்கள் அந்த வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள்; தேர்வுக்கு அது போதும். ஆனால் இவை வேலை செய்யும் விதம் புரிய வேண்டுமானால், டார்ச் வெளிச்சத்தில் கண்டதுபோல், ஒரு நரம்பு செய்தி கொண்டு போக இன்னொன்று கட்டளை கொண்டு வரும் ஜோடிகளைக் கவனிப்பதே நல்ல வழி என்பேன்.

முதல் நரம்பு வாசனைக்கு உரியது. அதன் மெல்லிய இழைகள் மூக்கின் கூரையிலுள்ள சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே மேலேறுகின்றன. தலையில் பலத்த அடி விழுந்தால் அவை அறுந்துபோகலாம். அப்படி வாசனை இழந்தவர்கள் மூக்கைக் குறை சொல்வதைவிட, சாப்பாட்டில் ருசியே இல்லை என்றுதான் பெரும்பாலும் முறையிடுகிறார்கள். இரண்டாவதான பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் உண்டு. உண்மையில் அது மூளையின் ஒரு நீட்சியே.

விழியை அசைக்க மூன்று நரம்புகள் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொரு விழியையும் திருப்பும் ஆறு தசைகளில் நான்கையும், மேலிமையைத் தூக்கும் தசையையும் மூன்றாம் நரம்பு கவனித்துக்கொள்கிறது. எஞ்சிய இரண்டில் ஒன்று நான்காவதற்கு, மற்றொன்று ஆறாவதற்கு. நான்காவது மிக மெல்லியது. மூளைத்தண்டின் முதுகுப்புறமாக வெளிவருவது இது ஒன்றுதான். இது பழுதானவருக்குப் படியிறங்கக் கீழே பார்த்தால் ஒரு படி இரண்டாகத் தெரியும், அதைச் சரிக்கட்டத் தம்மையறியாமலே தலையைச் சாய்த்துக்கொள்வார். ஆறாவது சற்று ஏமாற்றக்கூடியது: மண்டைக்குள் எங்கே அழுத்தம் கூடினாலும் அது இழுபட்டுச் செயலிழக்கலாம் என்பதால், கோளாறு அந்த நரம்பருகேதான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

[காட்சி: பஞ்சு நுனி கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளி ஊடுருவும் படலமான கார்னியாவைத் தொடுகிறது, இரு கண்களும் இமைக்கின்றன.]

இங்கே அடுத்த ஜோடி. தொடு உணர்வைக் கொண்டு போவது ஐந்தாம் நரம்பு. இமைகளை மூடுவது ஏழாம் நரம்பு. நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரிந்து முகத்தின் உணர்வை ஏற்கும் ஐந்தாவதே, மெல்லும் தசைகளையும் இயக்குகிறது. சிரிப்பதும் முகம் சுளிப்பதும் ஏழாவதன் வேலை. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவையும் அதைச் சேர்ந்தது. ஒரு பக்க முகம் தொங்கிப்போனவரிடம் ‘புருவத்தை உயர்த்துங்கள்’ என்று மருத்துவர் சொல்வதற்குக் காரணம் உண்டு: நெற்றிக்கான கட்டளை பெருமூளையின் இரு பக்கங்களிலிருந்தும் வருவதால், பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும், ஏழாம் நரம்பே பழுதான பெல்ஸ் பால்சியில் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், திடீரென்று முகம் கோணியவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

எட்டாவது, செவிப்புலனையும் உடலின் சமநிலையையும் மூளைக்குத் தெரிவிக்கிறது.

தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் ஓங்கரிப்பு வருகிறது அல்லவா? தொட்டதை முக்கியமாகச் சொல்வது ஒன்பதாவது, தசையைச் சுருக்குவது பத்தாவதான வேகஸ். வேகஸ் கழுத்தோடு நிற்பதில்லை; மார்பைக் கடந்து வயிறு வரை இறங்குகிறது. இதயத்துடிப்பை அது மட்டுப்படுத்துகிறது. 1921-இல் மருந்தியலாளர் ஓட்டோ லோவி தவளை இதயங்களை வைத்து, அந்நரம்பு ஒரு வேதிப்பொருள் வழியாகவே இதைச் செய்கிறது என்று காட்டினார். குரல்வளைக்குச் செல்லும் அதன் இடக்கிளை, மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகிறது; எனவே மார்பில் வளரும் ஒரு கட்டி முதலில் குரல் கம்மலாக வெளிப்படுவதும் உண்டு. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவதற்கும் வேகஸின் சிறு கிளையே காரணம்.

பதினொன்றாவது தோளைத் தூக்கவும் கழுத்தைத் திருப்பவும் உதவுகிறது.

[காட்சி: நீட்டிய நாக்கு, நுனி இடப்பக்கம் கோணியிருக்கிறது.]

பன்னிரண்டாவது நாக்கை அசைக்கிறது. நாக்கின் ஒவ்வொரு பாதித் தசையும் நுனியை முன்னோக்கியும் எதிர்ப்பக்கமாகவும் தள்ளுகிறது. இரண்டும் சமமாகத் தள்ளினால் நாக்கு நேராக நீளும். இடப்பக்க நரம்பு பழுதானால், வலப்பாதியின் தள்ளலைத் தடுக்க ஆளில்லாமல், நாக்கு பழுதான பக்கத்தையே சுட்டிக்காட்டி நிற்கும்.