15 மாதம் துவைக்காத ஜீன்ஸ்! துணி நாறுவதற்கு உண்மையான காரணம் என்ன?

[திரையில்: நாற்காலி முதுகில் தொங்கும் நீல ஜீன்ஸ். மெதுவாக நெருங்கும் கேமரா.]

15 மாதம். ஒரே ஜீன்ஸ். ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. சோம்பேறித்தனம் இல்லை சாமி, ஆராய்ச்சி! கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் பேராசிரியரோடு சேர்ந்து இதைச் செய்தார். 2011-ல் செய்தி வெளிவந்தது. வாடை அதிகமான நாட்களில் ஜீன்ஸை மூன்று பைகளுக்குள் போட்டு ஃப்ரீசரில் வைத்தாராம். அந்த வீட்டில் ஐஸ் கட்டி கேட்ட விருந்தாளிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 15 மாதம் முடிந்ததும் துணியில் எவ்வளவு பாக்டீரியா இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். அப்புறம் துவைத்து, 13 நாள் மட்டும் போட்டுவிட்டு, மறுபடியும் கணக்கெடுத்தார்கள். இரண்டு எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

15 மாதமும் 13 நாளும் ஒன்றா என்று கேட்டால், பாக்டீரியா விஷயத்தில், அந்த ஜீன்ஸில், ஆமாம்.

இதைக் காட்டி வீட்டில் யாரிடமும் வாதாடாதீர்கள், திட்டு எனக்குத்தான் விழும். நான் சொல்லவருவது வேறு. அழுக்கு வேறு, கிருமி வேறு, வாடை வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மெஷினுக்குள் தள்ளுகிறோம், வாடை போகவில்லை என்றால் சோப்பைக் கூட்டுகிறோம், அதுவும் போதவில்லை என்றால் விலை கூடிய சோப்பு வாங்குகிறோம். ஆனால் துவைத்த துணி நாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் துவைப்பதில் இல்லை, காயவைப்பதில் இருக்கிறது. இந்த வீடியோ முழுக்க அதுதான். பிடித்தால் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், பிடிக்காவிட்டாலும் துணி மடித்துக்கொண்டே கேளுங்கள், வேலையாவது முடியும்.

[திரையில்: நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளி. வேகமான இசை.]

முதலில் பாடப் பகுதி, வேகமாகத் தாண்டிவிடலாம். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், மறுபக்கம் எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் பிடிக்கிற பக்கம் அழுக்கில் போய் ஒட்டிக்கொள்ள, தண்ணீர் பிடிக்கிற பக்கம் அதை நீருக்குள் இழுத்துவர, அழுக்கு அலசும்போது போய்விடும். சாதாரண சோப்பை உப்புத் தண்ணீரில் போட்டால் அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்துவிடும், துணியில் படியும். டிடர்ஜென்ட்டுகள் அவ்வளவு எளிதாகத் திரிவதில்லை. 1959-ல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர், சுத்தம் செய்வதற்கு நான்கு விஷயம் வேண்டும், ரசாயனம், சூடு, நேரம், கசக்கல், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டித்தான் ஆகவேண்டும் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். முந்தின நாள் ராத்திரியே ஊற வைப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்காமலே இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள்.

இதில் எனக்குப் பிடித்தது என்சைம், அதாவது நொதி, கதை. 1913-லேயே ஓட்டோ ரோம் என்பவர், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த செரிமான நொதியைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை வாங்கிவிட்டார். வயிற்றில் நடக்கும் வேலையை வாளியில் நடத்திக் காட்டுகிறார் மனிதர். இன்றைக்குப் பல சோப்புத்தூள்களில் புரதத்தைத் துண்டாக்க ஒன்று, மாவுச்சத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. பருத்தித் துணியில் முளைக்கும் பிசிறை மட்டும் கடித்தெடுத்து நிறத்தைப் பளிச்சென்று காட்ட ஒன்றுகூட இருக்கிறது. ஆனால் கம்பளியும் பட்டும் புரதம். அவற்றை என்சைம் போட்ட தூளில் ஊற வைத்தால், கறையைத் தின்ன வந்தது சட்டையையும் சேர்த்துத் தின்ன ஆரம்பித்துவிடும்.

[திரையில்: நுரை பொங்கி வழியும் கண்ணாடிக் கதவு]

நுரை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், வரட்டும். நுரை அழுக்கை எடுப்பதில்லை. நுரை இல்லாமலே சோப்பு வேலை செய்யும், அது நம் மனத் திருப்திக்கு. முன்கதவு மெஷினில் துணி மேலே போய்க் கீழே விழுந்து அடிபட்டால்தான் அழுக்கு விடும், நுரை நிறைந்துவிட்டால் துணி மெத்தையில் விழுவதுபோல விழும், அடியே படாது. அதிகமாகப் போட்ட சோப்பு முழுசாக அலசியும் போகாமல் இழைகளுக்குள் தங்கிவிடும், அந்தப் பிசுக்கில் புது அழுக்கும் வந்து ஒட்டும். சோப்பு பாட்டில் மூடிக்குள்ளே எட்டிப் பாருங்கள், அளவுக் கோடுகள் இருக்கும். பெரும்பாலான மூடிகளில் அந்தக் கோடு விளிம்புக்குக் கீழே எங்கேயோ கிடக்கும், ஆனால் நம் கை விளிம்பு வரை ஊற்றித்தான் நிற்கும். இது தற்செயலா என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வாடைக்கு வருவோம். இதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன்.

[திரையில்: மழைநாள், அறைக்குள் கட்டிய கொடி, அதில் நெருக்கி நெருக்கித் தொங்கும் சட்டைகள்]

மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியில் ஒரு முடை நாற்றம் வருமே, கையில் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது, போட்டுக்கொண்டு கொஞ்சம் வியர்த்ததும் கிளம்பும். அதற்கு முகவரி கண்டுபிடித்துவிட்டார்கள். 2012-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், மொராக்செல்லா ஆஸ்லோயன்சிஸ் என்ற பாக்டீரியாதான் முக்கியக் குற்றவாளி என்று காட்டினார்கள். துணியில் மிச்சமிருக்கும் வியர்வையையும் தோல் எண்ணெயையும் வைத்து அது ஒரு அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த வாடைதான் நம் மூக்கில் ஏறுவது. இதில் எரிச்சலான செய்தி என்னவென்றால், மற்ற பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் இது காய்ந்துபோவதையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்குகிறது. காய்ந்த துணியில் செத்தமாதிரி கிடந்துவிட்டு, ஈரம் பட்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் வாடை அடிக்கும் துண்டை அப்படியே உலர்த்தி மறுபடி உடுத்தினால் மறுபடி நாறுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? அது பெருகுவதற்கு நேரம் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். மெஷின் நின்ற பிறகு துணியை உள்ளேயே விட்டுவிட்டு 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று போய்ப் படுப்பதுதான் அதற்கு நாம் வைக்கும் விருந்து. எடுத்ததும் காயப்போடுங்கள், ஒவ்வொரு துணிக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடுங்கள், அறைக்குள் என்றால் மின்விசிறியைத் துணியைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அதுவும் தடித்த தையல் இருக்கும் இடம், காலர், இடுப்புப்பட்டி, பாக்கெட்டின் உள்பக்கம், இவைதான் கடைசியில் காயும். தொட்டுப் பார்ப்பதாக இருந்தால் முதுகைத் தொடாதீர்கள், பாக்கெட்டுக்குள் விரலை விடுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் காயப்போட்டால் அந்தப் பாக்கெட் துணி காற்றில் தொங்கும், சீக்கிரம் காயும், சாயமும் வெளுக்காது.

விளையாட்டு உடை போடுபவர்களுக்குத் தனியாக ஒரு சேதி. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 2014-ல் 26 பேரை ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களுடைய டி-ஷர்ட்டுகளைப் பையில் போட்டுவைத்து, பிறகு ஆட்களை விட்டு மோந்து பார்க்கச் சொன்னார்கள். (இந்த வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு என் மரியாதை.) பருத்தியைவிட பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. பாலியஸ்டர் தண்ணீரைத் தள்ளிவிட்டு எண்ணெயைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் ரகம், கூடவே மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில் செழிப்பாக வளர்கிறது. அந்த உடையைக் கழற்றியதும் சுருட்டி அழுக்குக் கூடையின் அடியில் திணிக்காதீர்கள். துவைக்க நேரமில்லை என்றால் கொக்கியில் மாட்டிக் காயவாவது விடுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள், அழுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

[திரையில்: வெயிலில் ஆடும் வெள்ளைத் துண்டு. இசை நிற்கிறது.]

வெயிலில் காய்ந்த துணியை எடுத்து முகத்தில் வைத்தால் ஒரு வாசனை வருமே, அது என்ன? சோப்பு வாசனையா, காற்றில் வருவதா, நம் கற்பனையா? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சிலர் இதையே ஆராய்ச்சியாகச் செய்து 2020-ல் வெளியிட்டார்கள். துண்டுகளை சோப்பே போடாமல் சுத்திகரித்த நீரில் அலசினார்கள். ஒன்றை அறைக்குள், ஒன்றை வெளியே நிழலில், ஒன்றை நேர் வெயிலில் காயவைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும் பையில் அடைத்து, அதிலிருந்து வந்த காற்றைச் சோதித்தார்கள். வெயிலில் காய்ந்ததில் மட்டும் மற்றவற்றில் இல்லாத ஆல்டிஹைடு, கீட்டோன் என்ற வகை வேதிப்பொருட்கள் இருந்தன. அதில் ஆக்டனல் என்பது ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருப்பது, நோனனல் ரோஜா எண்ணெயில் இருப்பது. வாசனைத் திரவியம் செய்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் பொருட்கள் இவை! ஈரத் துணியின் பரப்பில் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து நடத்தும் வினையால் இவை உண்டாகலாம் என்பது அவர்கள் கணிப்பு. நிழலில் காய்ந்த துண்டுக்கு இது கிடைக்கவில்லை பாருங்கள், வெளிக்காற்று மட்டும் போதாது, வெயிலே படவேண்டும். 'வெயில் வாசனை' என்று புட்டிமேல் எழுதி விற்பவர்கள் இதைப் பார்த்தார்களா தெரியாது.

ஆனால் அதே வெயில் துண்டு விறைத்துப் போய் நிற்கும், மடித்தால் மடங்காது, உடம்பில் தேய்த்தால் சுரண்டும். ஏன்? சோப்பு மிச்சம் என்று ரொம்பப் பேர் சொல்வார்கள். ஜப்பானில் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் வந்த பதில் தண்ணீர்! காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பருத்தியிலும், சாதாரண அறைக் காற்றில், அதன் எடையில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் நீர் இருக்கும். இழைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நீர் சாதாரண நீர்போல நடந்துகொள்வதில்லை, பக்கத்து இழையோடு பசையாக ஒட்டிவிடுகிறது. அசையாமல் காய்ந்த துண்டில் அந்த ஒட்டல்கள் அப்படியே நிற்கின்றன. டிரையரில் உருண்டுகொண்டே காய்ந்தால் ஒட்ட நேரம் கிடைப்பதில்லை. கையால் செய்வதானால், காயப்போடும்போது இரண்டு மூலையைப் பிடித்து நன்றாக நான்கு உதறு, எடுக்கும்போது இன்னும் நான்கு. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி 'டப்' என்று சத்தம் வரவேண்டும்.

இதற்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுகிறோமே? அது இழைகளின் மேல் ஒரு வழவழப்பான படலம் போடும், ஒட்டல் குறையும், மென்மை வரும், உண்மைதான். ஆனால் அந்தப் படலம் கூடக்கூட துண்டு தண்ணீரை உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். துடைக்கத்தானே துண்டு? தண்ணீரை உடம்பு முழுக்கப் பரப்பிவிடுகிற துண்டு எவ்வளவு மெத்தென்று இருந்து என்ன பயன். என் அபிப்பிராயத்தில் துண்டுக்கும் விளையாட்டு உடைக்கும் அது வேண்டவே வேண்டாம். எதிர்க்கட்சியினர் கமென்ட்டில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

[திரையில்: வேகவேகமாக மாறும் படங்கள்]

மிச்சமெல்லாம் சட்டுச் சட்டென்று. வெள்ளைத் துணிக்கு திரவத்தைவிடத் தூள் நல்லது, காரணம் பல தூள்களில் ஆக்சிஜன் பிளீச் இருக்கும், திரவங்களில் பொதுவாக இருக்காது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுநீர் பட்டால் புரதம் கெட்டியாகி இழையிலேயே உட்கார்ந்துவிடும். சூடாகத் துவைக்கும்போது மெஷின் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது, தினசரி உடுப்புகளுக்கு 30 டிகிரி போதும், 60 டிகிரியை வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது படுக்கைவிரிப்புக்கும் துண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு குமிழி மட்டும் காட்டும். இது மட்டும் சிரிப்பு இல்லாமல் சொல்கிறேன்: குளோரின் பிளீச்சோடு வினிகரோ, எந்த அமிலமோ, அம்மோனியாவோ சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். அப்புறம் அக்ரிலிக், பாலியஸ்டர் மாதிரி செயற்கைத் துணிகள்: பிளிமத் பல்கலைக்கழகம் 2016-ல் சொன்ன கணக்குப்படி 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் நுண்ணிழைகள் சாக்கடைக்குப் போகலாம். தேவையில்லாமல் துவைக்காதிருக்க இன்னொரு காரணம்.

கடைசியாக ஒரே ஒரு வேலை தருகிறேன், இன்றே செய்யலாம். இவ்வளவும் செய்தும் துணி நாறுகிறதென்றால் மெஷினே நாறுகிறது என்று அர்த்தம். முன்கதவு மெஷின் என்றால் கதவோரம் இருக்கும் ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், தேங்கிய நீர், தலைமுடி, நூல் பிசிறு, காணாமல் போன ஒற்றைக் காலுறை எல்லாம் அங்கேதான். துடைத்துவிட்டு, துவைக்காத நேரத்தில் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கவனம். பிறகு சோப்பு போடும் டிராயரைப் பிடியுங்கள். பலருக்குத் தெரியாது, அது முழுசாக வெளியே வரும், நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை அமுக்கிக்கொண்டே இழுக்கவேண்டும். இழுத்துவிட்டு அந்தப் பொந்துக்குள்ளே செல்போன் டார்ச்சை அடித்து, மேல்பக்கத்தைப் பாருங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்ன நிறத்தில் என்ன இருந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள், படம் மட்டும் அனுப்பாதீர்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே கமென்ட் படிக்கிற ஆள்.