மிச்சம் இல்லாத நாற்காலி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘வெற்றிடம்: உண்மையா, வெறும் பேச்சா?’ என்பது இன்றைய தலைப்பு. உண்மைதான் என்று முழங்கிய எதிரணித் தலைவர், சாட்சிக்கு மேசையில் இருந்த பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினார். உள்ளே டீ இருந்ததால் கொஞ்சம் பார்த்துத்தான் தூக்கினார்.

சரி, பிளாஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காற்று கோபித்துக்கொண்டு தானாக வெளியே போனதா? பம்பு வைத்து உறிஞ்சி, திரும்ப நுழையாதபடி அடைத்திருக்கிறார்கள். ஒரு விரிசல் விட்டால் போதும், டீ ஆறிவிடும். எங்காவது வெற்றிடம் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் பம்பு யார் கையில் என்றுதான் தேடுவேன்.

அரசியலுக்கு வருகிறேன். ஜெயலலிதா மறைந்தது 2016 டிசம்பர் 5 இரவு பதினொன்றரைக்கு. ஓ. பன்னீர்செல்வம் முதல்வராகப் பதவியேற்று முடித்தபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. வெற்றிடம் பாவம், எட்டிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜெயலலிதாவின் தொகுதியான ஆர்.கே. நகருக்கு இடைத்தேர்தல். அதிமுகவிடம் ஆட்சி இருந்தது, இரட்டை இலையும் இருந்தது. ஜெயித்தது சுயேச்சையாக நின்ற தினகரன், அதுவும் 40,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில். சின்னம் என்ன தெரியுமா? பிரஷர் குக்கர்! காற்றே இல்லை என்று இவர்கள் சொல்லும் இடத்தில் மக்கள் விசில் அடிக்கிற குக்கரைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

2018 மார்ச்சில் ஒரு கல்லூரியில் எம்.ஜி.ஆர். சிலையைத் திறந்துவைத்த ரஜினிகாந்த், தமிழகத்தில் நல்ல தலைமைக்கு வெற்றிடம் இருக்கிறது என்று பேசினார். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. 2020 டிசம்பர் 29 அன்று, உடல்நிலை காரணமாக அரசியலுக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. அவர் நிரப்பாமல் விட்ட இடம் எங்கே? 2021 தேர்தலில் திமுக கூட்டணிக்கு 159, அதிமுக கூட்டணிக்கு 75. கூட்டிப் பாருங்கள், 234. சட்டமன்றத்தில் மொத்தமே 234தான். மிச்சம் ஒரு நாற்காலி இல்லை!

நிஜமாகவே காலியாகக் கிடந்த நாற்காலிகளை நான் காட்டுகிறேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்குத் தேர்தல் வர 2019 டிசம்பர் ஆனது, அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் இல்லை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் கிடையாது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் தனி அலுவலரைத் தேடிப் போக வேண்டும். இந்த நாற்காலிகள் தாமாகக் காலியாகவில்லை, தேர்தலை நடத்தாமல் காலியாக வைத்திருந்தார்கள். பம்பு என்று சொன்னேனே, அது இதுதான். ஆனால் முதல்வர் நாற்காலியைச் சுற்றி வந்த எதிரணியினர், இந்த வார்டு நாற்காலியை இன்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அப்புறம், அப்பா போன பிறகு வீடே வெற்றிடமாகிவிட்டது என்று எதிரணிச் சகோதரி கண் கலங்கினார். அந்தத் துக்கத்தோடு நான் வாதாட மாட்டேன். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அதட்டினால் தெருமுனை வரை கேட்கும். அவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பா கவலையோடு கேட்டார்: “இனிமேல் கணக்கு வழக்கெல்லாம் யார் பார்ப்பது?”

பாட்டி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, குத்தகை பாக்கி என்று வரிசையாக நோட்டுகள். எல்லாம் பாட்டியின் கையெழுத்து.

“இத்தனை நாள் யார் பார்த்ததாம்?” என்றாள்.

அந்தச் சாய்வு நாற்காலியா? அதில் இப்போது பூனை படுத்திருக்கிறது. நன்றி, வணக்கம்.