சாமி இல்லாமல் சந்தோஷம் உண்டா? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். நெல்லையப்பர் கோயில் கோபுரங்கள், தாமிரபரணிப் பாலம், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம், மேலப்பாளையத்து மினாராக்கள்.]

இந்தப் படத்தில் தெரிகிற எல்லா இடத்தையும் டவுன் பஸ்ஸிலேயே ஒரு காலைப்பொழுதில் சுற்றி வந்துவிடலாம். ஆனி மாதம் டவுனில் தேர் ஓடும். ஆற்றைத் தாண்டினால், மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய ஊசிக்கோபுரத் தேவாலயத்தில் மணி அடிக்கும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பாங்கு கேட்கும். இதெல்லாம் இல்லாமல் போனால் இங்குள்ள ஜனங்கள் சந்தோஷமாக இருப்பார்களா, மாட்டார்களா? இன்றைய கேள்வி இதுதான். கடவுள் உண்டா இல்லையா என்கிற பஞ்சாயத்துக்கு நாம் போகப் போவதில்லை. அது வேறு வீடியோ, அதற்கு வேறு தைரியம் வேண்டும்.

முதலில் ஒரு முரண்பாடு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட அறிக்கையில், வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களில் 36 சதவீதம் பேர் 'மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன்' என்றார்கள். எந்த மதத்திலும் சேராதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 25 சதவீதம்தான். சரி, மதம் ஜெயித்துவிட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018இலிருந்து ஆண்டுதோறும் முதலிடத்தில் இருப்பது பின்லாந்து. அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு. இரண்டு தகவலும் உண்மை. அப்படியென்றால் சந்தோஷத்தைக் கொடுப்பது நம்பிக்கையா, அதோடு சேர்ந்து வருகிற வேறு ஏதாவதா?

இதை நேரடியாகத் தோண்டிப் பார்த்தவர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 2010இல் வந்தது அவர்களுடைய கட்டுரை. வாராவாரம் சர்ச்சுக்குப் போகிறவர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: அங்கே நெருங்கிய நண்பர்கள் இருப்பவர்கள் ஒரு பக்கம், யாரும் இல்லாதவர்கள் இன்னொரு பக்கம். நண்பர்கள் உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடுதலாக இருந்தது. தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிறவர்களோ, சர்ச் பக்கமே போகாதவர்களை விட ஒன்றும் மேலாக இல்லை. எவ்வளவு ஜெபிக்கிறோம், கடவுள் எவ்வளவு பக்கத்தில் இருப்பதாக உணர்கிறோம் என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றவில்லை.

[காட்சி: கிராமத்துச் சுடலைமாடன் பீடம். பந்தல் கால், மைக் செட், டியூப் லைட்.]

இது நமக்குப் புதிய செய்தியா என்ன? நெல்லைப் பக்கத்துக் கொடையை, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

காவல் தெய்வமான சுடலைமாடனுக்கு வேதப் புத்தகம் கிடையாது, மடாதிபதி கிடையாது. பல ஊர்களில் கூரை கூடக் கிடையாது, வெட்டவெளியில் ஒரு பீடம்தான். ஆனால் அதைப்போல ஒழுங்கான நிர்வாகத்தைப் பார்ப்பது கஷ்டம். கால் நாட்டுவதற்குப் பல வாரம் முன்பே ஊர்க்கூட்டம் போடுவார்கள். வில்லுப்பாட்டுக்கு யார், கணியான் கூத்துக்கு யார், நையாண்டி மேளம் எந்த ஊர், நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை எத்தனை மணிக்கு, எல்லாம் அங்கே முடிவாகும். அப்புறம் வரி. ஒரு தலைக்கட்டுக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று நோட்டில் பெயர் எழுதி வசூல் செய்வார்கள். சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், மும்பையில் தாராவியில் இருப்பவர், எல்லோர் பெயரும் அந்த நோட்டில் இருக்கும்.

"அண்ணாச்சி, நம்ம வரி சேந்துட்டா?" என்று அவர்களே போன் போட்டுக் கேட்பார்கள். "சேந்துட்டுடே. நீ எப்ப வார?" என்று பதில் வரும்.

வருமான வரிக்கு இப்படி யாராவது போன் போட்டுக் கேட்டதுண்டா?

இந்த உரையாடலில் பக்தி பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நீ எப்ப வார' என்பதுதான் சங்கதி. நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஊர் இருக்கிறது. லிம்மும் புட்னமும் நண்பர்கள் என்று எண்ணிக் கணக்குப் போட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். நண்பர்களாவது நாமாகத் தேடிக்கொள்வது. தலைக்கட்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை. கல்யாணமானால் பெயர் தானாக ஏறிவிடும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் நெல்லைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். கொடைக்குப் படைப்புச் சோறு, சர்ச்சில் அசனம், தர்காவில் கந்தூரி நேர்ச்சை. சாமி வேறு, பந்தி ஒன்றுதான். கடையம் பக்கத்துப் பொட்டல்புதூர் தர்காவுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு போவது இன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் அல்ல.

[காட்சி: இரவு. பூக்குழி. முகங்கள் மட்டும் தெரிகின்றன.]

கூடியிருப்பது உடம்புக்குள் என்ன செய்கிறது என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற கிராமத்தில் நம் பூக்குழி மாதிரியே தீ மிதிக்கும் சடங்கு உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மிதிப்பவர்களின் நெஞ்சிலும் பார்ப்பவர்களின் நெஞ்சிலும் கருவி மாட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்குகிற விதத்திலேயே, சும்மா நின்று பார்த்த சொந்தபந்தத்தின் துடிப்பும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரே நெருப்பு, ஒரே நேரம். ஆனால் அது அவருடைய ஊர் இல்லையே.

அந்தக் குழுவில் இருந்த டிமிட்ரிஸ் சிகலாடாஸ் பிறகு மொரீஷியஸ் தீவுக்குப் போய், தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழர்களை ஆராய்ந்தார். 2019இல் முடிவுகள் வந்தன. நாள்பட்ட நோய் உள்ளவர்கள்தான் அதிக வலியுள்ள அலகுகளைத் தேர்ந்தெடுத்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர்கள் உடல்நலம் கெட்டதாகத் தெரியவில்லை. வலி கூடுதலாகத் தாங்கியவர்களுக்கே மனநலமும் கூடுதலாக மேம்பட்டிருந்தது. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காளி வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ந்த உதடும் வெடித்த காலுமாக அவர்கள் முகத்தில் இருக்கும் நிம்மதியை நாம் வெளியே நின்று கேலி செய்வது எளிது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் நிறுவன மதத்துக்கு விளம்பரம் செய்கிற மாதிரி இருக்கும். இனி அடுத்த பக்கம்.

அந்த வரி நோட்டு இருக்கிறதே, அதில் பெயரை எழுதவும் முடியும், அடிக்கவும் முடியும். ஊர் விலக்கம் என்றால் என்ன செய்வார்கள்? அடிப்பது, உதைப்பது எல்லாம் அப்புறம். முதலில் 'உன் வரி வேண்டாம்' என்பார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்தவன், ஊர்ப் பேச்சை மீறிக் கோர்ட்டுக்குப் போனவன், இவர்களிடம் வரி வாங்க மாட்டார்கள். காசு மிச்சம் என்று யாரும் சந்தோஷப்படுவதில்லை. வரியை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறார்கள்.

[காட்சி: வடக்கன்குளம் தேவாலயம், முன்புறம்.]

கோயில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கத் தேவாலயம் இரண்டு கால் வைத்த கட்டடம். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், நடுவே சுவர், பீடம் மட்டும் பொது. 1910இல் பாதிரியார்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் மறுபடி எழவில்லை. ஆனால் சுவர் இருந்த காலத்தில், இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தவர்களிடம் 'மதம் உங்களுக்குச் சந்தோஷம் தருகிறதா' என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் 'ஆமாம்' என்றிருப்பார்கள், எந்தப் பக்கத்தில் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கருத்துக்கணிப்புகளின் குறை இங்கேதான். உள்ளே உட்கார்ந்து நிம்மதியாக இருப்பவர் 'தவறாமல் போகிறவர்' கணக்கில் வருவார். அவமானப்பட்டு வெளியே போனவர் 'சேராதவர்' கணக்கில் வருவார்.

வெளியே போனவர்கள் எங்கே போனார்கள்? நெல்லை வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கோயிலுக்குள் விடாத காலத்தில் கன்னியாகுமரிப் பக்கத்துச் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் எழுந்தார். தலைப்பாகை கட்ட உரிமை மறுக்கப்பட்டவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே வணங்கினார்கள். எதிரே சிலைக்குப் பதில் இருந்தது கண்ணாடி. அவர் வழி வந்த நிழல்தாங்கல் என்ற வழிபாட்டு இடங்களை இன்றும் நெல்லை, தூத்துக்குடி ஊர்களில் பார்க்கலாம். தம் சாதியைப் பற்றி மிஷனரி கால்டுவெல் எழுதியதைப் படித்துக் கொதித்த சட்டாம்பிள்ளை, 1857இல் மிஷனை விட்டுப் பிரிந்து வெள்ளைக்காரர் இல்லாத ஒரு கிறிஸ்தவ சபையை உண்டாக்கினார். 1981இல் செங்கோட்டைப் பக்கம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டாக இஸ்லாமுக்கு மாறின. சாதி இழிவுதான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள்; நாடு முழுவதும் அது பேச்சானது. மூன்று கூட்டமும் ஒரு வாசலை விட்டு வெளியேறியது. ஒன்றாவது 'இனி எந்தக் கூட்டமும் வேண்டாம், அவரவர் வீட்டில் இருப்போம்' என்று சொன்னதா? இல்லை. மரியாதையோடு உட்கார ஓர் இடம் தேடினார்கள், இல்லாத இடத்தில் கட்டிக்கொண்டார்கள்.

சரி, பின்லாந்துக்கு வருவோம். உளவியலாளர் எட் டீனரும் உடன் இருந்தவர்களும் 2011இல் 150க்கும் மேற்பட்ட நாடுகளின் தகவலை வைத்துப் பார்த்தார்கள். பசியும் பயமும் உள்ள நாடுகளில் மதப்பற்று உள்ளவர்கள் கூடுதல் நலத்தோடு இருந்தார்கள். பிழைப்புக்குப் பயமில்லாத நாடுகளில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஆஸ்பத்திரிச் செலவையும் வேலையில்லாக் காலத்தையும் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. இங்கே பீடி சுற்றுகிற ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் சபையோ ஜமாத்தோ சொந்தக்காரர்களோதான் ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே என் கணக்குப்படி, சந்தோஷத்துக்கு நிறுவன மதம் கட்டாயம் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் அது செய்த வேலையைச் செய்ய இன்னொன்று தயாராக இருக்க வேண்டும், அதுவும் அவமானப்படுத்தாமல்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு முயற்சி நடந்தே இருக்கிறது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாத கல்யாணத்தைக் கொண்டுவந்தது. அண்ணா ஆட்சியில், 1967 சட்டத்தால் அதற்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. கல்யாணத்துக்கு மாற்று வந்துவிட்டது. துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்குத்தான் மாற்று அவ்வளவு எளிதாகப் பரவவில்லை. இயக்கக்காரர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பதில் படத்திறப்பு வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கும் நாற்காலி எடுக்க, ஊருக்குச் சொல்ல, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட நாலு பேர் வேண்டும். கட்சியோ இயக்கமோ இருக்கிற வீட்டில் அந்த நாலு பேர் வந்துவிடுவார்கள். எதிலுமே இல்லாத வீட்டில்?

அதைத்தான் உங்களிடம் கேட்க நினைக்கிறேன். கோயில், சர்ச், பள்ளிவாசல், கட்சி எதிலும் சேராத ஒருவர் வீட்டில் துஷ்டி என்றால், உங்கள் தெருவில் முதலில் பந்தல் போட வருவது யார்? கமெண்டில் எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.