இரண்டு பேருக்கு ஒரு கார்

நேயர்களுக்கு வணக்கம்.

அம்பாசடர் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களை வைத்தே இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். பல வருடங்கள் அந்தக் காரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனில் பிறந்தது. 'பி சீரிஸ்' என்று அதற்குப் பெயர். எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1955-இல் கொண்டுவந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அந்த இன்ஜின்தான். அதையே 1798 சிசியாகப் பெருக்கி, 1962-இல் அதற்கடுத்த காரான எம்ஜிபியில் வைத்தார்கள். இங்கே கல்யாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போன இன்ஜினின் கூடப்பிறந்தவன், அங்கே கூரை மடக்கிய, இரண்டே பேர் உட்காரும் குட்டிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த மாதிரி பழைய பிரிட்டிஷ் கார்களையும், அவற்றைப் பார்த்து ஜப்பானின் மாஸ்டா கம்பெனி செய்த எம்எக்ஸ்-5 காரையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் கார் வேலை பழகியது கோயம்புத்தூரில், என் பெரியப்பாவின் ஒர்க்‌ஷாப்பில். பிறகு இங்கிலாந்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் எம்ஜிபியின் சாவியை என் கையில் கொடுத்தார். பானெட்டைத் தூக்கியதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. டேப்பட் கவர் இருக்கும் இடம், டிஸ்ட்ரிப்யூட்டர் நிற்கும் சாய்வு எல்லாமே பழகிய முகம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் எஸ்யூ கார்புரேட்டர் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு, அதுதான் புதிது.

சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து கிளம்பினோம். பவர் ஸ்டீயரிங் கிடையாது. பின்னால் நம் பழைய கார்களில் உள்ள அதே கமான் பட்டை ஸ்பிரிங். மொத்தம் 95 குதிரைத்திறன்தான். ஆனால் காரின் எடை 900 கிலோவைச் சற்றுத்தான் தாண்டும். இடுப்பு ரோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, கையை நீட்டினால் தாரைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. ஸ்பீடாமீட்டர் 40 மைல் காட்டும்போது நான் 70 மைலில் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் உள்ள ஒவ்வொரு ஒட்டும் ஸ்டீயரிங் வழியாக விரலுக்கு வந்து சேர்ந்தது.

இதே மாதிரி லேசான பிரிட்டிஷ் கார்கள் இன்னும் பல உண்டு. 1958-இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டுக்கு விலையைக் குறைப்பதற்காக வெளிப்புறக் கதவுக் கைப்பிடிகூட வைக்கவில்லை, டிக்கிக்கு மூடி கிடையாது. சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத்தான் பெட்டியை எடுக்க வேண்டும். இவற்றில் மிக நேர்த்தியானது 1962-இல் வந்த லோட்டஸ் எலான். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓர் இரும்புச் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல், எடை 700 கிலோவுக்கும் கீழே.

சரி, இவ்வளவு நல்ல கார்கள் ஏன் நின்றுபோயின? எம்ஜிபி 1962 முதல் 1980 வரை பெரிய மாற்றமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. செய்த மாற்றத்திலும் சில கெடுதலாகவே முடிந்தன. அமெரிக்காவின் பம்பர் சட்டத்துக்காக 1974-இல் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரையும் ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தினார்கள். தாழ இருந்து வளைவில் ஒட்டிக்கொண்டு போன கார், அதற்கப்புறம் வளைவில் சாய ஆரம்பித்தது. 1980 அக்டோபரில் ஆபிங்டன் ஊரிலிருந்த எம்ஜி தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். அரை மில்லியன் எம்ஜிபி கார்கள் வெளிவந்த இடம் அது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஆனால் அதற்கு முன்பே இந்த விதை ஜப்பானில் விழுந்துவிட்டது. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் மூத்த பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, பழைய பிரிட்டிஷ் கார்கள் மாதிரி எளிய, லேசான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்யுங்கள் என்று சொன்னார். அது உடனே நடந்துவிடவில்லை. ஓடக்கூடிய முதல் மாதிரிக் காரை 1985-இல் செய்து கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் வொர்திங் நகரத்து ஆட்கள். கடைசியில் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கர இயக்கம்.

அதே 1989-இல் லோட்டஸும் எலான் என்ற பெயரிலேயே ஒரு புதுக் கார் கொண்டுவந்தது. ஆனால் அது முன்சக்கர இயக்கம். வளைவில் அது மிக நன்றாகப் போகும் என்பதை ஓட்டியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இருந்தும் லோட்டஸ் தயாரித்தது 5,000-க்கும் குறைவு. மாஸ்டாவோ 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. பழைய எலானின் குணத்தைத் தேடியவர்கள் ஹிரோஷிமாவில்தான் அதைக் கண்டார்கள்.

எம்ஜிபி ஓட்டிய அடுத்த மாதம் நான் எம்எக்ஸ்-5 ஓட்டினேன். 2015-இல் வந்த நான்காம் தலைமுறைக் கார். முதலில் கையில் பட்டது கியர் லீவர். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், டக்கென்று விழுகிறது. 1967-க்கு முந்தைய எம்ஜிபியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது கியர் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. வண்டி நகரும்போது அந்த கியரைப் போட டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும், அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அப்புறம் கூரை. மாஸ்டாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளலாம். ஆரம்ப கால எம்ஜிபிகள் சிலவற்றில் கம்பியைத் தனியாக நட்டு, துணியைத் தனியாக விரிக்க வேண்டும். கூடாரம் போடுவது மாதிரி. இங்கிலாந்து மழை அதுவரைக்கும் காத்திருக்காது.

ஏபிஎஸ், ஏர் பேக், மழையிலும் குளிரிலும் உடனே ஸ்டார்ட் ஆகும் இன்ஜின், இதிலெல்லாம் போட்டியே இல்லை. என்னை ஆச்சரியப்படுத்தியது எடைதான். இத்தனையும் சேர்த்த பிறகும் இந்தக் கார் ஏறக்குறைய 1,000 கிலோதான். நீளத்திலும் 1989-இன் முதல் காரைவிடச் சற்றுக் குட்டை. உலகத்துக் கார்கள் எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை ஊதிக்கொண்டே போகும் காலத்தில், ஒவ்வொரு கிராமாகச் செதுக்கி இதைச் சாதித்திருக்கிறார்கள். 'ஜின்பா இத்தாய்' என்று மாஸ்டா பொறியாளர்கள் சொல்வார்கள். குதிரையும் வீரனும் ஒரே உடல் என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய கார் என் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்டீயரிங். மாஸ்டாவில் இருப்பது எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். துல்லியமானது, ஆனால் ரோடு பேசுவதைக் கொஞ்சம் வடிகட்டித்தான் கைக்கு அனுப்புகிறது. எம்ஜிபியில் அந்த வடிகட்டி இல்லை. இருந்தாலும் தினமும் ஓட்ட ஒரே ஒரு கார் என்றால் நான் மாஸ்டாவைத்தான் எடுப்பேன். அந்தப் பழைய கார்களை உண்டாக்கியவர்கள் விரும்பியது இதில்தான் முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மாஸ்டா இந்தக் காரை நம் நாட்டுக்குக் கொண்டுவரவில்லை. எம்ஜிபி யாராவது சேகரித்து வைத்திருந்தால்தான் உண்டு. ஆனால் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்களில் சிலர் வீட்டில் இருந்திருக்கும். பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டாக இருந்த கார் அது. அதன் சாசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் திறந்த காரைச் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் கார் வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. உங்கள் தெருவில் இன்னும் ஒரு ஹெரால்டு ஓடுகிற நிலையில் இருந்தால், உரிமையாளரிடம் கேட்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, சின்னத் தெருவிலேயே அது எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள்.

நன்றி, வணக்கம்.