படகு அடுப்பின் புகைக்குழாய்

நேயர்களுக்கு வணக்கம். வியர்வை காயாத கொழும்பில் இருந்துகொண்டு, குளிர்காயும் அடுப்பைப் பற்றி இவர் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். முகத்துவாரத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு, குளிர்ந்த கடல்களுக்குத் திரும்பிப் போகும் பாய்மரப் படகுகளின் வேலை இடைக்கிடை வருவதுண்டு. விறகையோ டீசலையோ எரிக்கும் சிறிய அடுப்பொன்று அவற்றின் அறைக்குள் இருக்கும். அடுப்புக்குத் தாராளமாகச் செலவழித்தவர்கள்கூடக் குழாயில் மிச்சம் பிடிக்கவே பார்க்கிறார்கள்.

புகையை மேலே இழுப்பது, குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றை விட இலேசாக இருப்பதால் உண்டாகும் அமுக்க வித்தியாசம். 1.2 மீற்றர் உயரக் குழாயில் வாயு சராசரியாக 300 பாகை செல்சியசிலும், வெளிக்காற்று நமது ஊரின் 30 பாகையிலும் இருந்தால், அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஆறரை பஸ்கால்தான். ஒரு மில்லிமீற்றர் தண்ணீரின் அமுக்கம்கூட அதில் இல்லை. வளைவு ஒவ்வொன்றும் இதிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதால், குழாயை இயன்றவரை நேராக நிறுத்த வேண்டும். கிடையாகப் படுக்க விடவே கூடாது. பெரிய பாயில் மோதிக் கீழிறங்கும் காற்றுப் புகையை மீண்டும் அறைக்குள் தள்ளிவிடும் என்பதால், மேல்தளத்தில் குழாயின் மூடி நிற்கும் இடத்தையும் பார்த்தே தெரிவுசெய்ய வேண்டும்.

மூட்டுகளில் நானே தவறியிருக்கிறேன். கூரை ஓடு வேய்வதைப் போல, மேல் துண்டு கீழ்த் துண்டின் வெளிப்புறத்தை மூடும்படி ஒரு விறகு அடுப்புக்குக் குழாய் பொருத்திக் கொடுத்தேன். மழைக்கு அது சரி. ஆனால் விறகுப் புகையின் தார் குளிர்ந்து உட்சுவரில் வழிந்து, மூட்டின் வழியே கசிந்து, வெள்ளை வர்ணச் சுவரில் கபில நிறக் கோடுகளாக இறங்கியிருந்தது. மேல் துண்டின் அடிமுனை கீழ்த் துண்டுக்குள் இறங்கினால்தான் வழிவது அடுப்புக்கே திரும்பும்.

உப்புக்காற்றுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கே நல்லது. 1.2 மீற்றர்க் குழாய் சூடேறும்போது ஐந்து மில்லிமீற்றருக்குமேல் நீளும். இரு முனைகளையும் இறுக்கிப் பூட்டினால் மேல்தளத்து அடைப்பு வெடித்து மழைநீர் உள்ளே வரும். ஆகையால் மேல்முனை நழுவி அசைய இடம் விட்டு, மரமோ கண்ணாடியிழையோ குழாயைத் தொடாதபடி காற்றிடைவெளியுள்ள வளையத்தின் ஊடாகவே அதை வெளியே எடுக்க வேண்டும்.

எரிபொருள் முற்றாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்குமேல் வலுவாகப் பிணைகிறது. அதனால் அறையில் எச்சரிக்கைக் கருவியும், கதவுகள் மூடியிருக்கும்போதும் அடைபடாத காற்றுத்துவாரமும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், கதவுகளைச் சாத்தி, அடுப்பில் சிறு தீ மூட்டிக் குழாய் சூடேறிய பிறகு, அடுப்பின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடிப்பேன். அதன் புகை உள்ளே வளைந்து போகாவிட்டால், படகை நான் கையளிப்பதில்லை.